ஒரு நொதி, இரு மரணங்கள்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளும் புதுச்சேரி ஜிப்மரும் பாதிக்கப்பட்டவர்களால் நிரம்பின. இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா ரூ.10 லட்சம் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி பி.கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, ஆயுள் சிறை வரை தண்டனை கடுமையாக்கப்பட்டது. நவம்பர் மாதம் வழக்கை சிபிஐ விசாரணைக்கு மாற்றி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்தும் உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது.

இவையெல்லாம் தேவையான நடவடிக்கைகளே. ஆனால், கருணாபுரத்தில் உயிர் குடித்தது மெத்தனால் மட்டும்தானா என்று உயிர்வேதியியலைக் கேட்டால், அது இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்லும். மெத்தனால் அதன் மூல வடிவில் அவ்வளவு கொடிய நஞ்சு அன்று. நம் கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது பின்னர் ஃபார்மிக் அமிலமாகிறது. கண் நரம்பைக் கருக்குவதும் உயிரைப் பறிப்பதும் அந்த அமிலம்தான். இதனால்தான் இந்த நொதியின் வேலையைத் தடுத்து நிறுத்தும் ஃபோமெபிசோல் மெத்தனால் நஞ்சுக்கு மாற்றுமருந்தாகிறது.

அரசு மதுக்கடையில் முத்திரையிட்ட புட்டியில் விற்கப்படும் எத்தனாலையும் இதே நொதிதான் கையாள்கிறது. எத்தனாலை அது அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அசிட்டால்டிஹைடு சில மணி நேரத்தில் கொல்வதில்லை. வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றின் உட்புறச் செல்களில் மரபணுவைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-இலேயே மதுபானங்களை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மது அருந்துவதால் உடலில் உருவாகும் அசிட்டால்டிஹைடையும் பின்னர் அதே பிரிவில் சேர்த்தது.

ஆக, ஒரே நொதியின் வழியாக இரண்டு விதமான மரணங்கள் நேர்கின்றன. ஒன்று இரண்டு நாள்களில் வருகிறது. அதற்கு நிவாரணம் உண்டு, ஆணையம் உண்டு, தலைப்புச் செய்தி உண்டு. மற்றது இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வருகிறது. அதற்கு எதுவும் இல்லை. முதல் மரணத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இரண்டாவதைப் பற்றிப் பேச வேண்டிய இடமும் கள்ளக்குறிச்சிதான்.

உணவுக்குழாய்ப் புற்றுநோய் அரிதான நோயன்று. 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, உலகில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோருக்கு அந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இந்தியாவில் சுமார் 70 ஆயிரம் பேர். அதே ஆண்டில் இந்தியாவில் இந்நோயால் இறந்தவர்கள் சுமார் 66 ஆயிரம் பேர். புதிதாக நோய்க்கு ஆளாவோரின் எண்ணிக்கையும் இறப்போரின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதன் பொருள் என்ன? பெரும்பாலோர் காலம் கடந்தே மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள் என்பதுதான்.

ஏன் இந்தத் தாமதம்? கல்வராயன் மலையைச் சேர்ந்த என் முன்னாள் மாணவர் ஒருவரின் தந்தைக்கு நேர்ந்ததைச் சொன்னால் புரியும். அவர் மரவள்ளி பயிரிட்ட சிறு விவசாயி. இளம் வயது முதல் குடியும் புகையிலையும் பழக்கம். ஒரு நாள் களி தொண்டைக்குக் கீழே நின்றுகொண்டது. தண்ணீரைக் குடித்துத் தள்ளிவிட்டார். சில வாரங்களில் களியை விட்டுச் சோற்றுக்கு மாறினார். பிறகு சோற்றைக் குழைத்தார். பிறகு கஞ்சி. வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து இருமுறை திருப்பி அனுப்பினார்கள். கஞ்சியும் இறங்காத நாளில்தான் மகன் அவரைச் சமவெளிக்கு அழைத்துச் சென்றார். உள்நோக்கிக் கருவி வழியாகப் பார்த்தபோது, கட்டி அறுவை சிகிச்சைக்கு அப்பால் போயிருந்தது. முதல் நாள் களி அடைத்ததற்கும் அந்தப் பரிசோதனைக்கும் இடையே எட்டு மாதங்கள். பரிசோதனைக்குப் பிறகு அவர் வாழ்ந்தது ஐந்து மாதங்கள்.

இதில் அந்தக் குடும்பத்தின் அறியாமை என்று சொல்ல ஏதுமில்லை. உணவுக்குழாய் விரிந்து கொடுக்கும் தன்மையுடையது. அதன் உட்புறம் பெருமளவு அடைபட்ட பிறகே விழுங்குவதில் சிரமம் தெரிகிறது. குடல் போன்ற உறுப்புகளுக்கு இருக்கும் வெளியுறை உணவுக்குழாயின் பெரும்பகுதிக்குக் கிடையாது. ஆகவே, சுவரைத் தாண்டிய கட்டி அருகிலுள்ள மூச்சுக்குழாய்க்கும் பெருநாளத்துக்கும் எளிதில் பரவிவிடுகிறது. அறிகுறி தோன்றும் நாளிலேயே நோய்க்கு வயதாகியிருக்கும்.

கட்டி இப்படி வளர்வதற்கு என்ன வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை காணும் பணியில் 1971-ஆம் ஆண்டு முக்கியமானது. அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன் அவ்வாண்டு ஒரு கருத்தை முன்வைத்தார். புதிய ரத்தநாளங்களைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளாத கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது என்பதே அது. பொருளியல் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூலப்பொருள் வந்து சேரச் சாலை இல்லாத இடத்தில் தொழிற்சாலை பெருகாது. கட்டியும் தனக்கென்று சாலை போட்டுக்கொண்டால்தான் பெருகும். அதே 1971-இல்தான், ஆஸ்பிரின் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இங்கிலாந்தின் ஜான் வேன் கண்டுபிடித்தார். உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் உருவாவதை அது தடுக்கிறது. இதற்காக 1982-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

தொடர்பற்றவையாகத் தோன்றிய இந்த இரு கண்டுபிடிப்புகளும் பின்னர் ஒரு புள்ளியில் சந்தித்தன. அந்தப் புள்ளி, சைக்ளோஆக்சிஜனேஸ்-2 என்னும் மற்றொரு நொதி. சுருக்கமாக காக்ஸ்-2. நலமான திசுக்களில் இது பெரும்பாலும் அடங்கியிருக்கும். புண், அழற்சி, தொடர் எரிச்சல் இருக்கும் இடத்தில் விழித்தெழும். மதுவும் புகையிலையும் ஆண்டுக்கணக்கில் அரிக்கும் உணவுக்குழாய்ச் சுவர் அத்தகைய இடம். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் செதிள்செல் வகை உணவுக்குழாய்ப் புற்றுக் கட்டிகளில் பத்தில் ஒன்பதில் இந்த நொதி மிகுந்திருந்தது. காக்ஸ்-2 உருவாக்கும் புரோஸ்டாகிளாண்டின், ரத்தநாள வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப் என்னும் புரதத்தை மிகுவிக்கிறது. அந்தப் புரதம் அக்கம்பக்கத்து ரத்தநாளங்களிலிருந்து புதிய கிளைகளை வரவழைக்கிறது. எல்லா ஆய்வுகளும் ஒரே அளவில் சொல்லவில்லை என்றாலும், காக்ஸ்-2 மிகுந்த கட்டிகளில் ரத்தநாளங்கள் அடர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சாலை போடும் ஒப்பந்ததாரர் யார் என்பது இவ்வாறு ஓரளவு தெரிந்தது.

அப்படியானால் அந்த ஒப்பந்ததாரரைத் தடுத்துவிட்டால் போதாதா? இந்தக் கேள்வியுடன் மருந்து நிறுவனங்கள் பெரும் முதலீடு செய்தன. கிடைத்த பலன் கலவையானது. சீனாவில் இந்நோய் மிகுந்த லின்ஷியான் பகுதியில், புற்றுக்கு முந்தைய மாற்றம் கொண்டவர்களுக்கு காக்ஸ்-2 தடுப்பானாகிய செலிகாக்ஸிப் பத்து மாதங்கள் கொடுக்கப்பட்டது. 2005-இல் வெளியான அதன் முடிவு, பயன் இல்லை என்றது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபிகாக்ஸிப், மாரடைப்பு அபாயம் காரணமாக 2004-இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. ரத்தநாள வளர்ச்சியைத் தடுக்கும் ராமுசிருமாப், இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் இடத்தில் வரும் ஒரு வகைப் புற்றுக்கு 2014-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கு ஆதாரமான முதல் ஆய்வில் நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 3.8 மாதங்களிலிருந்து 5.2 மாதங்களாக உயர்ந்தது. ஏறத்தாழ ஆறு வாரங்கள். ஆஸ்பிரினைத் தாமே வாங்கி விழுங்குவதும் தீர்வன்று. அது இரைப்பையில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

இதிலிருந்து, அறிவியல் தோற்றுவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. நொதியையும் ரத்தநாளத்தையும் பற்றிய அறிவு நமக்கு மலிவான மருந்தை இன்னும் தரவில்லை. ஆனால், விலைமதிப்பற்ற வேறொன்றைத் தந்திருக்கிறது. கட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. சாலை போடுவதற்கு முந்தைய காலம் ஒன்று உண்டு. அது நீண்ட காலம் என்ற அறிவே அது. லின்ஷியானில் நடந்த மற்றோர் ஆய்வு இதை எண்களில் காட்டுகிறது. உணவுக்குழாய்ச் செல்களில் லேசான மாற்றம் இருந்தவர்களில் 24 சதவீதத்தினருக்கும், நடுத்தர மாற்றம் இருந்தவர்களில் 50 சதவீதத்தினருக்கும், தீவிர மாற்றம் இருந்தவர்களில் 74 சதவீதத்தினருக்கும் பதின்மூன்றரை ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்தது. அழிவு மட்டுமன்று, அவகாசமும் இந்த எண்களில் தெரிகிறது.

அந்த அவகாசத்தைப் பயன்படுத்திய அனுபவமும் உண்டு. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் உள்ள சிஷியானில், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஒரே ஒரு முறை உள்நோக்கிப் பரிசோதனை செய்தார்கள். உணவுக்குழாயின் உட்சுவரில் அயோடின் கரைசலைத் தெளித்தார்கள். நலமான செல்கள் பழுப்பு நிறம் ஏற்கும். மாறிய செல்கள் நிறம் ஏற்காமல் வெளிறித் தெரியும். அந்த இடத்தை அப்போதே அகற்றிவிடலாம். பத்து ஆண்டுகளுக்குப் பின் கணக்கிட்டபோது, பரிசோதனை நடக்காத ஊர்களில் இந்நோயால் இறந்தோர் 5.05 சதவீதம், நடந்த ஊர்களில் 3.35 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு மரணம் குறைந்தது. ஆறு வாரங்களுக்குப் பல லட்சம் ரூபாய் கேட்கும் மருந்து ஒரு புறம். ஒரு முறை பரிசோதனையும் சிறிது அயோடினும் மறுபுறம். ஏழை மக்களின் அரசு எதில் முதலீடு செய்ய வேண்டும் என்பதைச் சொல்லப் பொருளியலில் முனைவர் பட்டம் தேவையில்லை.

நம் நிலைமை சிஷியானைப் போன்றதன்று. அங்கே இந்நோய் உலகிலேயே மிக அதிகம். கள்ளக்குறிச்சி மாவட்டம் முழுவதும் எல்லோருக்கும் உள்நோக்கிப் பரிசோதனை செய்வது வீண் செலவாகிவிடும். ஆனால், யாருக்குச் செய்ய வேண்டும் என்பது தெளிவானது. மது, புகையிலை இரண்டும் நெடுநாள் பழக்கம் உள்ளவர்களுக்கு அபாயம் கூட்டலாக அன்றிப் பெருக்கலாக உயர்கிறது. விழுங்கும்போது அடைப்பதாகச் சொல்பவர் எவருக்கும் காத்திருக்க நேரமில்லை. பிரிட்டனில், விழுங்குவதில் சிரமம் என்று ஒருவர் சொன்னால் இரண்டு வாரங்களுக்குள் உள்நோக்கிப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. கல்வராயன் மலையில் அது எட்டு மாதங்களாக நீள்வதை விதி என்று விட்டுவிட முடியாது.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்றான கல்வராயன் மலை, ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டு 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்தது. சாலை, பள்ளி, மருத்துவம் எல்லாமே அங்கு ஒரு தலைமுறை தாமதம். இந்த மலையைச் சாராயத்தோடு மட்டுமே சேர்த்துப் பேசுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. மெத்தனால் மரவள்ளியைப் போல மலையில் விளைவதன்று; ஆலைகளிலிருந்து, சமவெளி வணிகர்களின் கைகள் வழியாக வருவது. கடுக்காயையும் மரவள்ளியையும் கீழே அனுப்பும் மலைக்கு, சமவெளியிலிருந்து காவல் வாகனம் ஏறுகிற அளவுக்கு மருத்துவ வாகனமும் ஏற வேண்டும்.

அதற்கான கட்டமைப்பு இன்று இல்லாமலில்லை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தேசிய அளவிலான தொற்றா நோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களைத் தேடுகிறது. உணவுக்குழாய் அந்தப் பட்டியலில் இல்லை.

எனவே, முதலில் செய்ய வேண்டியதற்குப் பணமே தேவையில்லை. வீடு தேடி வரும் பணியாளரின் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: "சோறோ களியோ விழுங்கும்போது நெஞ்சில் அடைக்கிறதா?" ஆம் என்று சொல்பவரின் பெயர் அன்றே மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மலைவாழ் மக்களுக்கென்று உள்நோக்கிப் பரிசோதனைக்கு ஒதுக்கப்பட வேண்டும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியே அவர்களை அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிடும் பொறுப்பையும் அரசே ஏற்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக் கட்டணத்தைத் தருகிறது. ஆனால், பேருந்துச் செலவையும் உடன் வரும் மகனின் இழந்த கூலியையும் அது தருவதில்லை. ஏழையைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் இந்தச் சிறு செலவுதான்.

அடுத்தது, பதிவு. எடுக்கப்படும் ஒவ்வொரு திசு மாதிரியுடனும் அந்த நபரின் மது, புகையிலைப் பழக்கமும் ஊரும் குறிக்கப்பட வேண்டும். காக்ஸ்-2, விஇஜிஎஃப் போன்றவற்றின் அளவை நம் மக்களின் கட்டிகளிலேயே ஆராய, அடையாறு புற்றுநோய் நிறுவனமும் ஜிப்மரும் புதிய மருத்துவக் கல்லூரியுடன் கைகோக்கலாம். லின்ஷியானின் மக்கள் உலகுக்கு இத்தனை அறிவைத் தந்தது, அவர்களை முறையாகக் கணக்கெடுத்ததால்தான். கணக்கெடுக்கப்படாத மக்களுக்கு ஆராய்ச்சியும் வராது, நிதியும் வராது.

நிதிக்கு எங்கே போவது என்று கேட்கலாம். 2023-24-ஆம் நிதியாண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் சுமார் ரூ.45,855 கோடி. இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ ரூ.46 கோடி. ஒரு பொருளின் விலையில் சேராமல் சமூகத்தின் தலையில் விழும் தீங்கை வரியாக வசூலிக்க வேண்டும் என்று ஆர்தர் பிகு என்ற பொருளியலாளர் நூறாண்டுகளுக்கு முன்பே எழுதினார். அவ்வாறு வசூலித்ததில் ஒரு பகுதியேனும் தீங்கை அடைந்தவனிடம் திரும்பினால்தான் அந்த வரிக்கு அறம் உண்டு. தாய்லாந்து 2001 முதல் மது, புகையிலை வரியின் மீது இரண்டு சதவீதம் கூடுதலாக வசூலித்து அதைச் சுகாதார மேம்பாட்டு நிதியாக நடத்திவருகிறது. நாம் கேட்பது இரண்டு சதவீதம்கூட அன்று.

மது விற்பனையை ஒரே நாளில் நிறுத்த முடியுமா, முடியாதா என்ற விவாதம் தமிழகத்தில் எப்போதும் நடக்கும். நிறுத்தினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பார்கள். அது நல்ல சாராயம், கெட்ட சாராயம் என்ற வேறுபாட்டின் மீது நிற்கும் வாதம். கல்லீரலில் இருக்கும் நொதிக்கு அந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. இரண்டையும் அது நஞ்சாக்கவே செய்கிறது, வேகம்தான் வேறு. விவாதம் முடியும் வரை, வரியை வாங்கிக்கொண்ட அரசுக்கு அடிப்படைக் கடமை ஒன்று உண்டு. தான் விற்ற பொருளால் நோயுற்றவனை அவனுடைய கட்டி சாலை போட்டுக்கொள்ளும் முன்பே தேடிக் கண்டுபிடிப்பதுதான் அது.

என் மாணவர் இப்போது ஆசிரியராகப் பணியாற்றுகிறார். தந்தையின் சிகிச்சைக்கு விற்ற இரண்டு மாடுகளை அவர் மீண்டும் வாங்கிவிட்டார். ஆனால், "சார், அந்த முதல் மாதத்தில் யாராவது ஒருவர் அப்பாவிடம் கேட்டிருக்கலாமே" என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. மலையில் களி அடைத்து, யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் குடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும் அடுத்த மனிதரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).